போத்தலில் இடும் பொடி: வீட்டு நற்காப்பில் உப்பு முதல் பெந்சோவேற்று வரை

பனையேறுந் தொழிலாளி முட்டியைப் பாளையிற் கட்டுமுன் அதன் உட்புறத்திற் சுண்ணாம்பைத் தடவுவதை வட பகுதியில் அறியாதவர் இலர். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது கருப்பநீர். தடவாத முட்டியில் இறங்குவது கள்ளு. பாளை ஒன்றே, சாறும் ஒன்றே. சாற்றிலுள்ள சீனியை உண்டு அதனை மதுசாரமாக மாற்றும் மதுவம் சுண்ணாம்பின் காரத்தில் வளரமாட்டாது. சுண்ணாம்பு குறைந்தாற் சாறு புளிக்கும். மிகுந்தாற் பனங்கட்டி கறுத்து அதன் சுவை கெடும். எவ்வளவு தடவுவது என்பதைத் தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்கின்றான். உணவு கெடாதிருத்தற்பொருட்டு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டு, அளவறிந்து இடப்பட்டு, வேலை முடிந்தபின் வடித்து அகற்றப்படும் இச்சுண்ணாம்பு ஓர் உணவுச் சேர்மானமேயாகும்.

ஆகவே, உணவுச் சேர்மானம் என்பது தொழிற்சாலைக்காரர் நேற்றுக் கண்டுபிடித்த பொருளன்று. மோர்மிளகாய்க்கு இடும் உப்பும், தேசிக்காய் ஊறுகாயில் ஊறும் புளிப்பும், அப்பத்துக்கு இடும் அப்பச்சோடாவும் அவ்வினத்தைச் சேர்ந்தனவே. எனினும் இன்று கடைகளில் வெண்ணிறப் பொடிகள் பல சிறு பொட்டலங்களாக விற்கப்படுகின்றன. “இரசாயனம்” என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே அஞ்சுவோரும், ஒரு கரண்டி பொடி இட்டால் எதுவுங் கெடாது என்று நம்புவோரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். முன்னவரால் வீண் பயமே விளையும். பின்னவரால் நோய் விளையும்.

தக்காளி குவியுங் காலம்

மாசி, பங்குனி மாதங்களிற் சுன்னாகம், திருநெல்வேலி, மருதனார்மடம் ஆகிய சந்தைகளுக்குத் தக்காளி கூடைகூடையாக வந்து குவியும்பொழுது விலை விழுந்துவிடுகின்றது. பறிகூலிக்கும் வண்டிக்கூலிக்கும் போதாத விலைக்கு விற்பதைவிடத் தோட்டத்திலே விட்டுவிடலாம் என்று எண்ணும் கமக்காரரும் உளர். அத்தகைய வேளையில் வீட்டிலுள்ள பெண்கள் பழத்தைக் காய்ச்சிச் சோசு ஆக்கிப் போத்தலில் அடைத்து விற்க முயல்வது பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் இடர் நுழைவதும் அவ்விடத்திலேதான்.

அப்படிப்பட்ட வீடொன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். இருபது கிலோகிராம் பழம் காய்ச்சப்பட்டு ஆறு கிலோகிராம் சோசு ஆகியிருக்கின்றது. அது நானூறு கிராம் கொள்ளும் பதினைந்து போத்தல்களை நிரப்பும். கடையில் வாங்கிய சோடியம் பெந்சோவேற்றுப் பொட்டலம் அருகில் இருக்கின்றது.

“எவ்வளவு போடுறது மச்சாள்?” என்று வீட்டுக்காரி கேட்கின்றாள்.

“போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி போட்டாற் காணும். கூடப் போட்டால் கனநாள் இருக்கும்தானே” என்று விடை வருகின்றது.

இவ்விடையைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மட்டமாக நிரப்பிய தேக்கரண்டி ஒன்று இப்பொடியில் மூன்று அல்லது நான்கு கிராம் கொள்ளும். மூன்றரைக் கிராம் எனக் கொண்டால், நானூறு கிராம் சோசில் அது கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்பது கிராம் ஆகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் உணவில் இப்பொருளுக்கு நெடுங்காலமாக வழங்கும் உச்ச அளவு நூற்றுக்கு 0.1 பங்கு, அதாவது கிலோகிராமுக்கு ஒரு கிராம். இந்தியாவிற் தக்காளிச் சோசுக்கு விதித்த அளவு கிலோகிராமுக்கு 750 மில்லிகிராம். “ஒரு கரண்டி” என்ற எளிய சொல், இவ்வளவுகளைப் போல ஒன்பது முதற் பன்னிரண்டு மடங்கு வரையான பொருளை உணவிற் சேர்த்துவிடுகின்றது.

அவ்வளவு மிகுந்தால் என்ன ஆகும்? உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 1956 ஆம் ஆண்டு முதல் இத்தகைய பொருள்களை ஆராய்ந்து வருகின்றது. விலங்குகளுக்கு ஊட்டிப் பார்த்து, தீங்கெதுவுந் தோன்றாத அளவைக் கண்டு, பெரும்பாலும் அதனை நூறால் வகுத்து, மனிதன் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உண்ணக்கூடிய அளவை அக்குழு வரையறுக்கின்றது. பெந்சோயிக்கமிலத்துக்கு அவ்வளவு, உடல் நிறையிற் கிலோகிராம் ஒன்றுக்கு 5 மில்லிகிராம் என நெடுங்காலம் இருந்தது; புதிய சோதனைகளைக் கண்டபின் 2021 ஆம் ஆண்டில் 20 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. பதினைந்து கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்குப் பழைய கணக்கில் நாளொன்றுக்கு 75 மில்லிகிராம். புதிய கணக்கில் 300 மில்லிகிராம்.

மேற்கூறிய வீட்டுச் சோசில் இருபது கிராமை, அதாவது ஒரு மேசைக்கரண்டியைச் சற்றே தாண்டிய அளவை, அக்குழந்தை உண்டால் ஏறத்தாழ 150 மில்லிகிராம் பெந்சோயிக்கமிலம் உடலிற் சேரும். இரண்டு தரம் உண்டால் உயர்த்தப்பட்ட அளவும் நிரம்பிவிடும். சரியான அளவில் இட்ட சோசாயின் அதே இருபது கிராமிற் பதினைந்து, இருபது மில்லிகிராமுக்கு மேல் இராது. இதனால் அன்றே குழந்தைக்கு நோய் வரும் என்பதன்று. நூறால் வகுத்துப் பாதுகாப்புக்காக விடப்பட்ட இடைவெளியை அறியாமலே உண்டு தீர்க்கின்றோம் என்பதே பொருள். மிகுதியாக இட்ட பெந்சோவேற்று நாவிற் காரம்போன்ற ஓர் எரிவையும் தரும். வாங்கியவர் மறுமுறை அப்போத்தலைத் தொடமாட்டார்.

“கூடப் போட்டால் கனநாள் இருக்கும்” என்பதும் பிழையான எண்ணமாகும். பெந்சோவேற்று புளிப்புள்ள உணவிலேயே வேலை செய்யும். பீ.எச். பெறுமானம் 4.5 இற்குக் கீழ் இருந்தாலே அது மதுவத்தையும் பங்கசையும் நன்கு அடக்கும். புளிப்பற்ற கரற்றிலோ போஞ்சியிலோ எத்தனை கரண்டி இட்டாலும் பயன் சிறிது. தக்காளியின் புளிப்பு இனத்துக்கினம் வேறுபடும். நன்கு கனிந்து தளர்ந்த பழத்திற் குறையும். ஆதலால் முதலிற் சேர்க்க வேண்டுவது பொடியன்று, புளிப்பு. லீற்றர் ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு அல்லது அரைத் தேக்கரண்டி சித்திரிக்கமிலம் சேர்ப்பது தக்காளியைப் போத்தலில் அடைப்போர் பல நாடுகளிலும் கைக்கொள்ளும் முறையாகும். சோசுக்கு வினாகிரியும் அவ்வேலையைச் செய்யும்.

வினாகிரி, சீனி, உப்பு ஆகியன போதிய அளவிற் சேர்ந்து, கொதிநிலையிற் காய்ச்சி, கொதிநீரில் அவித்த போத்தலிற் சூட்டோடே நிரப்பி மூடிய சோசுக்குப் பெந்சோவேற்றே வேண்டியதில்லை. போத்தலைத் திறந்தபின்னரே அதற்கு வேலை உண்டு. ஒரு கிழமையில் உண்டு முடிக்கத்தக்க சிறு போத்தல்களில் அடைத்து விற்பவர் பொடிச் செலவை மீதப்படுத்திக் கொள்ளலாம். அது மாத்திரமன்று, “நற்காப்புப் பொருள் சேர்க்கப்படவில்லை” என்று சுட்டியில் எழுதவும் அவருக்கு உரிமை உண்டு. இக்காலத்து வாங்குவோர் அச்சொற்களுக்கு விலை கொடுக்கின்றனர்.

அளப்பது எவ்வாறு?

பொடி இட்டே ஆகவேண்டுமாயின் கரண்டியை நம்பலாகாது. வீட்டில் நுண்தராசு இல்லாதவர் கடையிலோ மருந்தகத்திலோ பத்துக் கிராமைச் சரியாக நிறுத்து வாங்கி, கொதித்தாறிய நீரிற் கரைத்து, முழுக்கரைசலும் நூறு மில்லிலீற்றர் ஆகும்படி நீரைச் சேர்த்துக்கொள்க. இனிக் கரைசலின் பத்து மில்லிலீற்றரில் ஒரு கிராம் இருக்கும். இருமலுக்கு வாங்கும் மருந்துப் பாணியோடு கிடைக்கும் சிறு பிளாத்திக்குக் கிண்ணத்தில் 5, 10 என்று கோடுகள் உள்ளன. அதுவே போதிய அளவுகருவி. கிலோகிராமுக்கு 750 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு கிலோகிராம் சோசுக்கு ஏழரை மில்லிலீற்றர் வேண்டும். ஆறு கிலோகிராமுக்கு நாற்பத்தைந்து. அடுப்பிலிருந்து இறக்குவதற்குச் சற்று முன் ஊற்றி நன்கு கலக்குக. பொடியை உலர்ந்தபடியே தூவினால் ஒரு போத்தலில் மிகுந்தும் இன்னொன்றிற் குறைந்தும் போகும்.

கரைசல் வைத்த போத்தலின் மேற் பொருளின் பெயரையும் கரைத்த நாளையும் எழுதி ஒட்டாமல் விடுதல் கூடாது. கமக்காரர் வீட்டில் இஃது உயிரைப் பற்றிய விடயம். யூரியா, பூச்சிகொல்லிப் பொடி, பங்கசுகொல்லி, அப்பச்சோடா, சித்திரிக்கமிலம் ஆகியன ஒரே கொட்டிலில் ஒரே வகைப் பையில் இருந்தால் கண்ணால் வேறுபடுத்துதல் அரிது. 1858 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிராட்போட் நகரில் இனிப்புச் செய்வோர் ஒருவர், சீனிச் செலவைக் குறைக்க மலிவான வெண்பொடி ஒன்றைக் கலப்பது வழக்கம். அதனை வாங்க மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பியபொழுது, கடைப் பையன் தவறுதலாகப் பன்னிரண்டு இறாத்தல் பாடாணத்தை, அதாவது ஆசனிக்கை, நிறுத்துக் கொடுத்துவிட்டான். அவ்வினிப்பை உண்டு ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். இருநூறு பேருக்கு மேல் நோயுற்றனர். கலப்படத்தையும் நஞ்சு விற்பனையையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அந்நாட்டில் அதன் பின்னரே விரைந்து வந்தன. அப்பையன் தீயவனல்லன். பீப்பாவின் மேற் பெயர் தெளிவாக இருக்கவில்லை; அவ்வளவே.

பூச்சிகொல்லி இருந்த போத்தலை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு உபயோகித்தல் கூடாது என்பதையும் இவ்விடத்திற் கூறிவைத்தல் தகும்.

கந்தகப் பொடி

பழப்பாகு செய்வோர் பயன்படுத்துவது பொற்றாசியம் அல்லது சோடியம் மெற்றாபைசல்பைற்று. புளிப்புச் சாற்றிற் கரைந்ததும் இது கந்தகவீரொட்சைட்டு வாயுவை விடுக்கும். அவ்வாயுவே மதுவத்தையும் பற்றீரியாவையும் அடக்குவதோடு, மாம்பழம், கொடித்தோடை ஆகியவற்றின் நிறம் பழுப்பாகாமலும் காக்கின்றது. பொற்றாசிய உப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பங்கும், சோடிய உப்பில் ஏறத்தாழ 67 பங்கும் கந்தகவீரொட்சைட்டாக வெளிப்படும். ஆகவே ஒன்றுக்குப் பதிலாக மற்றதை அதே அளவில் இடலாகாது. கிலோகிராம் பாகுக்குப் பொற்றாசிய உப்பு 600 மில்லிகிராம் இட்டாற் கந்தகவீரொட்சைட்டு ஏறத்தாழ 340 மில்லிகிராம் ஆகும். இந்தியாவிற் பழப்பாகுக்கு வழங்கும் 350 என்ற எல்லைக்குள் அது அடங்கும். கரைசலை அன்றன்றே ஆக்குக. வைத்திருந்தால் வாயு போய்விடும். பாகு ஆறியபின்னரே சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாகில் ஊற்றினால் மருந்தின் பெரும்பகுதி மூக்கிற் புகும், போத்தலில் நில்லாது. நாவற்பழம் போன்ற ஊதாநிறப் பழங்களுக்கு இஃது ஆகாது. நிறத்தை வெளிறச் செய்துவிடும். அவற்றுக்குப் பெந்சோவேற்றே உரியது.

இப்பொருளின் விடயத்திற் பெந்சோவேற்றைவிடக் கூடிய விழிப்பு வேண்டும். மேற்கூறிய நிபுணர் குழு வரையறுத்த நாளளவு உடல் நிறையிற் கிலோகிராமுக்கு 0.7 மில்லிகிராமே. பதினைந்து கிலோகிராம் குழந்தைக்கு அது பத்தரை மில்லிகிராம். ஐம்பது மில்லிலீற்றர் பாகை நீரிற் கரைத்துக் கொடுத்தால், இட்ட மருந்து குறையாமல் அப்படியே நின்றிருக்குமாயின், ஒரே குவளையில் அவ்வளவு தாண்டிவிடும். நாட்செல்ல அதிற் பெரும்பங்கு குறைந்துபோவது உண்மை. எனினும் சரியான அளவிலேயே நிலைமை இவ்வாறாயின், “இன்னுங் கொஞ்சம்” இடுவதற்கு இடமேயில்லை என்பது தெளிவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் 2022 ஆம் ஆண்டில் இதனை மீண்டும் ஆராய்ந்து, மிகுதியாக உண்போருக்குத் தீங்கு நேரலாம் எனக் கூறியுள்ளது.

தொய்வு நோயாளர் சிலருக்கு இது சிறிதளவிலேயே மூச்சுத் திணறலை உண்டாக்கும். அமெரிக்காவில் உணவுச்சாலைகளிற் பச்சைக் கீரைகள் வாடாதிருக்க இக்கரைசலைத் தெளித்து வந்தனர். தொய்வுகாரர் சிலர் இறந்தமை அறியப்பட்டபின், 1986 ஆம் ஆண்டிற் பச்சையாக உண்ணும் பழத்திலும் மரக்கறியிலும் இதனை இடுவது அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. சந்தைக்குக் கொண்டுபோகும் மரக்கறியை இந்நீரிற் தோய்த்தெடுக்கலாம் என்று எவரேனும் கூறினாற் கேளாதிருப்பதே முறை. இறைச்சியிலும் இதற்கு இடமில்லை. அது கெட்ட இறைச்சியையும் சிவப்பாகக் காட்டும். அதிலுள்ள உயிர்ச்சத்து பீ1 ஐயும் அழித்துவிடும்.

உப்பும் அப்பச்சோடாவும்

உப்பைப் பற்றி நம் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டுவது அதிகமில்லை. நுண்ணங்கிகளின் உடலிலுள்ள நீரை உறிஞ்சி அவற்றைச் செயலற்றனவாக்குவதே அதன் வேலை. நெடுநாள் வைக்கும் மாங்காய்க்கும் தேசிக்காய்க்கும் காயின் நிறையில் ஆறிலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை உப்பிடும் பழைய வழக்கம் சரியானதே. இரத்த அழுத்தமுள்ளவர் ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும் என்பது வேறு. இலங்கையில் உணவுக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்த்தல் 1995 ஆம் ஆண்டிற் கட்டாயமாக்கப்பட்டது. கண்டக்கழலையைத் தடுக்கவும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காக்கவும் சேர்க்கப்படும் அந்தப் பொற்றாசியம் அயடேற்றும் ஒரு சேர்மானமே. கல்லுப்பைக் கழுவிப் போடும் வழக்கமுள்ள வீடுகளில் அது கழுவுநீரோடு போய்விடுகின்றது. திறந்த சட்டியில் ஈரத்தில் இருந்தாலும் குறையும். ஊறுகாய் கலங்குவது அயடீனால் என்று சிலர் குறை கூறுவர். தூளுப்புக் கட்டிப்படாதிருக்கச் சேர்க்கும் வேறொரு பொருளே நீரைச் சற்றுக் கலங்கச் செய்வது, அதனாற் கேடில்லை.

அப்பச்சோடாவைப் பருப்பு விரைந்து அவிவதற்கும் கீரை பச்சையாகத் தோன்றுவதற்கும் இடுவது நல்ல பழக்கமன்று. நஞ்சில்லை, ஆனால் அதன் காரம் உயிர்ச்சத்து பீ1, சீ ஆகியவற்றைச் சிதைக்கின்றது. பருப்பை இரவிலே ஊறவைத்தால் அதே பலன் கிடைக்கும். சுவைக்கு இடும் சோடியம் குளூத்தமேற்றைப் பற்றிப் பேரச்சம் நிலவுகின்றது. சப்பானிய அறிஞர் இக்கேதா 1908 ஆம் ஆண்டிற் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த இதே குளூத்தமிக்கமிலம் கனிந்த தக்காளியிலும் இயற்கையாக உண்டு. அளவோடு உண்பவர் அஞ்சவேண்டியதில்லை. சுவை குன்றிய பழைய மரக்கறியை விற்கும் தந்திரமாக அது ஆகாமல் இருந்தாற் போதும்.

வினாகிரியில் இரு வகை உண்டு. தென்னங்கள்ளைப் புளிக்கவைத்துப் பெறுவது இயற்கை வினாகிரி. அசற்றிக்கமிலத்தை நீரில் நெகிழ்த்தி ஆக்குவது செயற்கை வினாகிரி. எதுவாயினும் நூற்றுக்கு நான்கு பங்குக்குக் குறையாத அமிலமிருந்தாலே ஊறுகாய்க்குப் பயன்படும். செறிந்த அசற்றிக்கமிலத்தை வாங்கி வீட்டிலே நீர் கலப்பது ஆபத்தானது. தோலையுங் கண்ணையும் வேகவைத்துவிடும். இறப்பர்ப் பாலை உறையவைக்க விற்கும் அமிலத்தை உணவிற் சேர்ப்பது அதனினும் பெருந் தவறு. அது தோட்டத் தொழிலுக்கானது. உணவுக்குரிய தூய்மை அதில் எதிர்பார்க்கப்படுவதில்லை.

சேர்க்கக் கூடாதவை

மயில்துத்தத்தைப் போடோக் கலவைக்காக வாங்கி வைத்திருக்கும் கமக்காரர் பலர். அதனைச் சிறிது இட்டால் ஊறுகாய்க் காய் பச்சைப்பசேலென்று நிற்கும். இஃது புதிய தந்திரமன்று. இலண்டனில் வாழ்ந்த அக்கும் என்ற இரசாயன அறிஞர் 1820 ஆம் ஆண்டில் வெளியிட்ட கலப்பட நூலிற் செம்பினால் பச்சையூட்டிய ஊறுகாய்களை வெளிப்படுத்திக் கண்டித்தார். மயில்துத்தம் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்; மிகுந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

நிறப்பொடிகளின் கதை இன்னுந் துயரமானது. வங்காளதேசத்தில் 1980 களில் வெள்ளப்பெருக்கு நேர்ந்த காலத்தில் மஞ்சளை உலர்த்த வழியின்றி, கிழங்குகள் கறுத்து மங்கிப் போயின. மங்கிய கிழங்கை வாங்குவாரில்லை. அதனை மினுக்க ஈயக்குரோமேற்று என்ற மஞ்சட் சாயப்பொடியைத் தேய்க்கும் வழக்கம் அவ்வாறு புகுந்து, வெள்ளம் வடிந்தபின்னரும் நிலைத்துவிட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது; அதற்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை. ஆய்வாளர் இதனை 2019 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியபின் அந்நாட்டு அரசாங்கம் மொத்தச் சந்தைகளிற் கருவிகொண்டு சோதித்து, குற்றவாளிகளுக்குத் தண்டம் விதித்து, பொதுமக்களுக்கும் அறிவித்தது. 2019 இல் ஆராய்ந்த மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47 இற் காணப்பட்ட ஈயச் சாயம் 2021 இல் ஒன்றிலேனும் காணப்படவில்லை. அரைக்கும் ஆலைகளில் வேலை செய்தோரின் இரத்தத்திலுள்ள ஈயமும் குறைந்தது.

இக்கதையில் நம் கமக்காரர் கவனிக்க வேண்டியது அதன் தொடக்கத்தையே. தீங்கு ஒரு பேராசைக்காரனின் மூளையில் மாத்திரம் பிறக்கவில்லை. உலராத கிழங்கிற் பிறந்தது. 2020 ஆம் ஆண்டில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை பல மடங்கு ஏறியபொழுது இலங்கையிற் பலர் மஞ்சள் நடத் தொடங்கினர். மாக் கலந்த மஞ்சட்பொடியும் அக்காலத்திற் சந்தையில் உலாவியது. கிழங்கை நன்கு அவித்து, நிலத்திற் படாமற் பாயிலோ சீமெந்துத் தளத்திலோ பரப்பி, முறிக்கும்பொழுது ஓசையெழும் வரை உலர்த்தி எடுத்தால் அதற்கு எச்சாயமும் வேண்டியதில்லை. செத்தல் மிளகாயும் அப்படியே. சூடான் என்று வழங்கும் சிவப்புச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் 2003 ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற் பிடிபட்டது. 2005 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் சோசு ஒன்றின் வழியாக நானூறுக்கு மேற்பட்ட உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து அகற்ற நேர்ந்தது. தூளின் அளவு அற்பம். அதனால் அழிந்த பண்டமோ மலைபோன்றது.

சாயம் இல்லாவிடினும் ஈரமே நஞ்சை விளைவிக்க வல்லது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பங்கசு சுரந்த நஞ்சே காரணம் எனப் பின்னர் கண்டு, அதற்கு அபுளாத்தொட்சின் எனப் பெயரிட்டனர். அடுப்பில் வேகவைத்தாலும் அந்நஞ்சு பெரும்பாலும் அழியாது. எவ்விதச் சேர்மானமும் இல்லாத, முற்றிலும் இயற்கையான, பூசணம் பிடித்த மிளகாயைவிட அளவறிந்து பொடியிட்ட தக்காளிச் சோசு நூறு மடங்கு நன்று.

புளிப்பற்ற மரக்கறி

போஞ்சி, கரற்று, இளஞ்சோளம், காளான், எண்ணெயில் அமிழ்த்திய உள்ளி ஆகியவற்றை வினாகிரியின்றி வெறுமனே கொதிக்கவைத்துப் போத்தலில் அடைத்து அலுமாரியில் வைத்தல் கூடவே கூடாது. பொற்றூலின் என்ற கொடிய நஞ்சைச் சுரக்கும் பற்றீரியாவின் வித்திகள் மண்ணில் எங்கும் உள்ளன. கொதிநீரின் 100 பாகை வெப்பத்தில் அவை மடியா. அமுக்கத்தில் 121 பாகைக்குச் சூடேற்றும் கருவி வேண்டும். காற்றில்லாத, புளிப்பில்லாத போத்தல் அவற்றுக்கு வாய்ப்பான இடம். அந்நஞ்சுற்ற உணவு மணத்தாலோ சுவையாலோ தன்னைக் காட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம். பீ.எச். 4.6 இற்குக் கீழே அப்பற்றீரியா வளராது. ஆகவே இம்மரக்கறிகளை வினாகிரியில் ஊறுகாயாக்குக, அல்லது வெயிலில் உலர்த்தி வற்றலாக்குக.

விற்பவர் செய்யவேண்டியவை

வீட்டில் ஆக்கி விற்பவரும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டவரே. நற்காப்புப் பொருள், நிறம், சுட்டி ஆகியவற்றுக்கு அச்சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் உள்ளன. எப்பண்டத்துக்கு எவ்வளவு என்பதை அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆக்குவதற்கு முன்னரே கேட்டறிவது நன்று. பரிசோதகர் வீட்டுக்கு வந்தபின் கேட்பது பயன் தராது. பொடி வாங்கும்பொழுது “உணவுத் தரம்” என்று அச்சிட்ட, மூடிய பொட்டலத்தையே வாங்குக. சர்வதேச எண்ணும் அதில் இருக்கும்: சோடியம் பெந்சோவேற்று 211, சோடியம் மெற்றாபைசல்பைற்று 223, பொற்றாசிய உப்பு 224, சித்திரிக்கமிலம் 330. நிறைத்தொழிலுக்கும் கழுவுதலுக்கும் விற்கும் தரம் மலிவாயிருப்பினும் வேண்டாம். பெந்சோவேற்று இட்ட தேசிக்காய்ப் பானத்தைக் கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கலாகாது. உயிர்ச்சத்து சீயும் பெந்சோவேற்றும் வெப்பத்திலும் ஒளியிலும் கூடியிருக்கும்பொழுது பெந்சீன் என்ற தீய பொருள் மிகச் சிறிதளவில் உண்டாகக்கூடும்.

முன்னர்க் கற்பனை செய்த வீட்டின் பதினைந்து போத்தல்களை இனி என்ன செய்வது? பொடியை மீட்டெடுக்க வழியில்லை. சோசைப் பெருக்கி அளவைக் குறைக்கலாமெனின், ஆறு கிலோகிராமை ஐம்பது கிலோகிராமுக்கு மேலாகப் பெருக்க வேண்டும். அதற்கு மேலும் நூற்றைம்பது கிலோகிராம் பழம் காய்ச்சப்பட வேண்டும். விறகும் இல்லை, சட்டியும் இல்லை. கிணற்றடிக்கு அப்பால் குழி வெட்டிக் கொட்டி மூடிவிட்டு, போத்தல்களை அவித்து எடுத்துக்கொள்வதே செய்யத்தக்கது. இருபது கிலோகிராம் பழம் போய்விட்டது. கொடியில் இன்னும் காய் இருக்கின்றது. அடுத்த பறிப்புக்கு முன் மருந்துக் கிண்ணமும், பெயரெழுதிய கரைசற் போத்தலும் குசினித் தட்டில் இருக்கட்டும்.